வலைப்பூ எழுதினால் காசு வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வலைப்பூ வருமானம் பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் தந்திருக்கிறோம்.

“வலைப்பூ தொடங்கினால் ஆறே மாதத்தில் லட்ச ரூபாய்” என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்குச் சம்பளம் 18,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? தமிழில் எழுதினால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?
– வாசகர், தேனி

வேலையை விடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விளம்பர வருமானத்தை அளக்க ‘ஆர்பிஎம்’ என்ற ஒரு எண் போதும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு உங்கள் கணக்கில் சேரும் தொகை அது. மாத வருமானத்தை மொத்தப் பார்வையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். உங்கள் ஆர்பிஎம் அரை டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 1,000 பார்வை வந்தால் மாதம் 30,000. வருமானம் 15 டாலர், அதாவது 1,275 ரூபாய். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்பும். ஆக முதல் பணம் கைக்கு வர ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். இதே விகிதத்தில் உங்கள் 18,000 சம்பளத்தை எட்டவே மாதம் சுமார் 4.2 லட்சம் பார்வை, நாளுக்கு 14,000 வேண்டும். அந்த வீடியோ சொல்லும் லட்ச ரூபாய்க்கு நாளுக்கு 78,000. அரை டாலர் என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான். உங்கள் கணக்கில் காட்டும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கணக்கு முறை மாறாது.

தமிழ்ப் பக்கங்களுக்கு ஆர்பிஎம் பொதுவாகக் குறைவு. ஒவ்வொரு விளம்பர இடமும் பக்கம் திறக்கும் நொடியில் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் கேட்பவர்கள் அதிகம் இருந்தால் விலை ஏறும். ஆட்சென்ஸ் தமிழை முறையாக ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான்; தமிழ்ப் பக்கத்துக்கென்று பணம் ஒதுக்கும் விளம்பரதாரர்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இன்றும் சிலரே. பொருளும் முக்கியம். வீட்டுக்கடன், காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை பற்றிய பக்கத்துக்குப் போட்டி உண்டு. பொன்மொழி, கவிதை, சினிமாத் துணுக்குக்குப் பார்வை வரும், காசு வராது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் விலை ஏறி, ஜனவரியில் சட்டென்று இறங்கும். ஜனவரியில் பலர் தங்கள் தளத்தில்தான் ஏதோ பழுது என்று எண்ணி எல்லாவற்றையும் மாற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ், விளம்பரதாரருக்கு இடம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம் போக மீதியில் 80 சதவீதம் தருகிறது. கூகுள் வழியாகவே வாங்கப்பட்ட விளம்பரம் என்றால், விளம்பரதாரரின் 100 ரூபாயில் சராசரியாக 15 அங்கே கழியும்; மீதி 85-இல் 80 சதவீதம், அதாவது 68 ரூபாய் உங்களுக்கு. அதே சமயத்தில்தான் க்ளிக் கணக்கு போய், விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்ற முறை வந்தது.

இனி நம்பிக்கை தரும் விஷயத்துக்கு வருவோம். தேனியில் இருப்பவருக்கு விளம்பரத்தைவிட நல்ல வழி உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து எப்போது, சாம்பல் நோய்க்கு மருந்து எந்தக் கட்டத்தில், போடி ஏலக்காய் ஏலத்தில் தரம் பிரிப்பது எப்படி என்று தேதியும் அளவும் படமும் போட்டு எழுதினால், வாசகர் எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் வருபவர் அத்தனை பேரும் விவசாயிகள். உள்ளூர் நாற்றுப் பண்ணையோ சொட்டுநீர்க் கருவிக் கடையோ மாதம் 1,500 ரூபாய்க்கு ஒரு பட்டை விளம்பரம் கொடுத்தால், அது மேலே சொன்ன விகிதத்தில் 35,000 பார்வைக்குச் சமம். அப்படி நான்கு கடை பிடிப்பது, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பார்வை பிடிப்பதைவிட எளிது. ஆனால் கடைக்காரருக்கு மாதாமாதம் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் பட்டனைத் தட்டினார்கள் என்று ஒரு தாளில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்.

சமையல் வலைப்பூ வைத்திருக்கிறேன். 60 பதிவு இருக்கிறது. ஆட்சென்ஸுக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் ‘மதிப்பு குறைந்த உள்ளடக்கம்’ என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் எத்தனை பதிவு எழுத வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

எண்ணிக்கைக்கு விதி எதுவும் இல்லை. 30 பதிவு, தினம் 500 பார்வை, ஆறு மாதப் பழைய தளம் என்றெல்லாம் சுற்றும் கணக்குகளுக்கு ஆதாரம் கிடையாது. விண்ணப்பதாரருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு கணக்குதான், உள்ளடக்கம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள்.

சமையல் பதிவுகள் திரும்பி வர வழக்கமான காரணம், வேறு நூறு இடத்தில் கிடைப்பதைத் தாண்டி அவற்றில் ஒன்றும் இல்லாதது. சாம்பார் பொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மல்லி, மிளகாய், பருப்பு வறுத்து அரைக்கவும்’ என்று எட்டு வரி எழுதினால் அதைப் பதிவாக எண்ண மாட்டார்கள். மல்லி 200 கிராம், வரமிளகாய் 100, துவரம்பருப்பு 50, கடலைப்பருப்பு 50, மிளகு 25, சீரகம் 25, வெந்தயம் 10 என்று அளவு வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாக வறுக்கச் சொல்ல வேண்டும். சேர்த்துப் போட்டால் பருப்பு சிவப்பதற்குள் வெந்தயம் கருகிப் பொடி முழுக்கக் கசக்கும் என்று காரணமும் வேண்டும். சூடு ஆறுமுன் அரைத்தால் ஈரம் கோத்துக் கட்டி தட்டும், வண்டு சீக்கிரம் வரும் என்பதையும், ஒரு லிட்டர் சாம்பாருக்கு எத்தனை கரண்டி என்பதையும் சொல்லுங்கள். பருப்பு எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று நீங்களே எடுத்த படம் ஒன்று. இப்படி 20 பதிவு இருந்தால் 60 அரைகுறைப் பதிவைவிட மேல்.

செய்ய வேண்டியது இது. இருக்கும் 60-ஐயும் வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒன்றோடொன்று ஒத்திருப்பவற்றை ஒன்றாக்குங்கள். தேறாதவற்றை வரைவுக்குத் திருப்புங்கள். வேறு தளத்திலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காலியான பிரிவுகள், ‘விரைவில்’ என்று நிற்கும் பக்கங்களை எடுத்துவிடுங்கள். எங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று பக்கங்களை மெனுவில் வையுங்கள். தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்கள் தேடலில் பதிவாகியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே மறுபடி விண்ணப்பியுங்கள். எதையும் மாற்றாமல் வாரம் ஒருமுறை விண்ணப்பித்தால் அதே பதில்தான் வரும்.

இன்னொன்று. வலைப்பூ நடத்த இடம் தரும் பிளாகரின் இலவச முகவரிக்கும் ஆட்சென்ஸ் கிடைக்கும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் ஆட்சென்ஸ் போட முடியாது. சொந்த முகவரி வாங்குவதாக இருந்தால் முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். பல இடங்களில் அது மடங்குக் கணக்கில் இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசிப்பவர்களில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அதனால் கூடுதலாகக் கிடைக்குமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கிடைக்கும். ஏலத்தில் முக்கியமாகப் பார்க்கப்படுவது வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது; எழுதுபவர் எங்கே இருக்கிறார் என்பதற்கு அங்கே இடமில்லை. கனடா, பிரிட்டன் பார்வைக்குப் பொதுவாக விலை அதிகம். ஆட்சென்ஸ் அறிக்கையில் ‘நாடுகள்’ என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நாட்டின் ஆர்பிஎம்மும் தனித்தனியே தெரியும். எந்தப் பதிவு அந்த வாசகர்களை இழுக்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் திசையில் எழுதுங்கள். பதிவு போடும் நேரமும் டொரண்டோவின் காலையை ஒட்டி இருக்கட்டும்.

ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் ‘பின்’ (PIN) எண்ணைக் கடிதத்தில் அனுப்பியதாகச் சொன்னார்கள். இரண்டு மாதமாகியும் வரவில்லை. வங்கிக் கணக்கிலும் பெயர் ஒத்துவரவில்லை என்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

பின் எண் சாதாரணத் தபாலில் வரும். பதிவுத் தபால் இல்லை என்பதால் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாது. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதலில் கணக்கில் உள்ள முகவரியைச் சரிபாருங்கள். பழைய கதவு எண்ணும் புதிய எண்ணும் குழம்பியிருக்கும். தெருப் பெயர் ஒரு வரியில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அஞ்சல் குறியீட்டு எண் பக்கத்து ஊருடையதாக இருக்கும். திருத்திவிட்டு மறுபடி பின் எண் கேளுங்கள். தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வெளிநாட்டுக் கடிதம் போல மெல்லிய உறையில் வருவதால் விளம்பரத் தாள் என்று ஒதுக்கிவிடுவது உண்டு. சில முறை கேட்டும் வராவிட்டால் அடையாள அட்டையைப் பதிவேற்றிச் சரிபார்க்கும் வழி திறக்கும். முதல் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எண்ணை இடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

பெயர்ச் சிக்கல் நம் ஊரில் அதிகம். காரணம் இனிஷியல். ஆதாரில் ‘முருகன் க’, பான் அட்டையில் ‘முருகன் கந்தசாமி’, வங்கியில் ‘க. முருகன்’ என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று பேராகத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். கணக்குத் தொடங்கும்போதே பாஸ்புக்கில் உள்ளபடி பெயரை எழுதுவது உத்தமம். வங்கி விவரத்தில் கிளையின் ஐஎஃப்எஸ்சி மட்டும் போதாது, வெளிநாட்டுப் பணம் வருவதற்கான ஸ்விஃப்ட் குறியீடும் வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் ஸ்விஃப்ட் இருக்காது. உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணம் மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள் கிளம்பும். பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்டால் விளம்பரச் சேவைக்கு உரியது பி1007.

நண்பர்கள் வாட்ஸ்அப் குழு வைத்து ஒருவர் விளம்பரத்தை ஒருவர் க்ளிக் செய்துகொள்கிறோம். தவறா?
– வாசகர், சேலம்

தவறு. இன்றே நிறுத்துங்கள். ஒரே ஊர், ஒரே ஆட்கள், பக்கத்தைப் படிக்காமல் நேரே விளம்பரத்துக்குப் போகும் விரல் என எல்லாம் பதிவாகிறது. முதலில் மாத இறுதியில் தொகையைக் கழிப்பார்கள். தொடர்ந்தால் கணக்கை முடக்கி, சேர்ந்த பணத்தை விளம்பரதாரருக்குத் திருப்பிவிடுவார்கள். வீட்டில் வேறு பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாலும் அதே தளம் என்றால் நிலைக்காது. தன் பக்கத்தில் வரும் விளம்பரம் தனக்கே பிடித்திருந்தாலும் தொடாமல், அந்தக் கடையின் முகவரியைத் தனியே தட்டிப் போய்ப் பார்க்க வேண்டும்.

தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு நீளமாக, சதவீதக் குறியாக வருகிறது. தேடலில் பாதிக்குமா?
– வாசகி, மதுரை

கூகுள் தமிழ் முகவரியைப் படிக்கும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு தமிழ்க் குறி முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ‘சாம்பார்’ என்பதில் ச, கால், ம, புள்ளி, ப, கால், ர, புள்ளி என எட்டுக் குறி. அந்த ஒரு சொல்லே 72 எழுத்து. வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பிலிருந்து வரும் பகுதியை 200 எழுத்தில் வெட்டிவிடும், அதாவது 22 குறிக்கு மேல் நிற்காது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது அந்தச் சதவீத மாலையைப் பார்த்து மோசடி இணைப்போ என்று பயந்து விட்டுவிடுபவர்கள் உண்டு. பிளாகரோ தமிழ்த் தலைப்பை விழுங்கிவிட்டு ‘பிளாக்-போஸ்ட்’ என்று வரிசை எண் போட்டுவிடும். ஆகவே தலைப்பு தமிழில் இருக்கட்டும். வெளியிடுமுன், பதிவின் முகவரியை இடும் பெர்மாலிங்க் பகுதியில் மூன்று நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்களே இடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்பு செத்துவிடலாம், பழையதிலிருந்து புதியதற்கு அனுப்பும் திசைதிருப்பல் அமைக்க வேண்டிவரலாம்.

அமேசான் இணைப்பு போட்டால் ஆட்சென்ஸைவிட நல்லது என்கிறார்களே?
– வாசகர், கோவை

வாங்கும் எண்ணத்தோடு வரும் வாசகர் உங்களுக்கு இருந்தால் நல்லது. ‘ஐந்து பேர் குடும்பத்துக்கு எத்தனை லிட்டர் குக்கர்’ என்ற பதிவில் விற்கும். கட்டுரை, கதை நடுவே போட்டால் விற்காது. உங்கள் இணைப்பு வழியாக விற்றால் அமேசான் தரும் கமிஷன் பொருள் வகைக்குத் தக்கபடி மாறும். மொபைல் போனுக்கு மிகக் குறைவு என்பது தெரியாமல் போன் விமர்சனமாக எழுதித் தள்ளுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இணைப்பைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் உங்களுக்குச் சேரும். பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பப் போகும். அமேசானின் இந்தத் திட்டத்தில் சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனை நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். ஆகவே தளத்துக்கு ஆள் வரத் தொடங்கிய பிறகு சேருங்கள். உங்கள் இணைப்பில் நீங்களே வாங்குவதும், மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புவதும் விதிக்கு எதிரானவை. விலையைக் கையால் எழுதிவைக்காதீர்கள், அது தினமும் மாறும். இணைப்பு மூலம் தரகு கிடைக்கிறது என்பதைப் பதிவின் மேற்பகுதியிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நிறுவனம் மிக்ஸி இலவசமாகத் தருவதாகவும் நல்லபடியாக எழுத வேண்டும் என்றும் கேட்கிறது. தங்கள் தளத்துக்கு இணைப்பும் வேண்டுமாம்.
– வாசகி, ஈரோடு

‘நல்லபடியாக’ என்ற நிபந்தனையோடு வாங்காதீர்கள். குறை இருந்தால் எழுதுவேன் என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே சொல்லி, அதற்கு ஒப்புக்கொண்டால் வாங்குங்கள். இலவசமாக வந்தது என்பதைப் பதிவில் சொல்வது கட்டாயம். விளம்பரம் என்பதை மறைத்தால், தவறான விளம்பரங்கள் பற்றிய 2022 விதிகளின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். இணைப்புக்கு, இது காசோ பொருளோ வாங்கிப் போட்டது என்று கூகுளுக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியீட்டைச் சேருங்கள். சேர்க்காமல் காசுக்கு இணைப்பு விற்றால் கூகுள் தேடலில் தளமே இறங்கும். சூதாட்டச் செயலி, உடனடிக் கடன் செயலிக்கு இணைப்பு கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே போடாதீர்கள். உங்களை நம்பிப் படிப்பவர் கடனில் மாட்டுவார்.

பொருளை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் விலையும் வருமானம்தான். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் தந்தவற்றின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு வருடமாகப் பார்வை சரிந்துகொண்டே வருகிறது. ஏஐ வைத்துத் தினம் பத்துப் பதிவு போட்டால் மீண்டுவிடலாமா?
– வாசகர், திருச்சி

இன்னும் வேகமாகச் சரியும். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாகக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் விதிமீறலாகவே அறிவித்துவிட்டது. எழுதியது ஆளா எந்திரமா என்று பார்ப்பதில்லை. ஏஐயின் தமிழில் அளவும் பெயரும் பிசகுவது சாதாரணம், மருந்து அளவு போன்றவற்றில் அது ஆபத்து.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். இந்த மூன்று மாதத்தை, போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். தேடலில் காட்டப்பட்ட எண்ணிக்கையும் சராசரி இடமும் அப்படியே இருந்து க்ளிக் மட்டும் குறைந்திருந்தால், பதில் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே கிடைத்துவிடுகிறது என்று பொருள். அப்படிப் பதில் தரும் கூகுளின் ஏஐ சுருக்கங்கள் இந்தியாவில் 2024 ஆகஸ்டில் வந்தன. ‘அமாவாசை எப்போது’ போன்ற ஒற்றை வரிக் கேள்விக்கான பதிவுகள் இதில்தான் அடிபடுகின்றன, அவை திரும்பாது. உங்கள் சொந்தப் படம், ஒப்பீடு, உள்ளூர் விலை, நேரில் சோதித்த முடிவு உள்ள பதிவுகளுக்கு மாறுங்கள். காட்டப்பட்ட எண்ணிக்கையும் இடமும் சேர்ந்தே இறங்கியிருந்தால் தரச் சிக்கல் அல்லது வேகச் சிக்கல். முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திறக்க வேண்டும். விளம்பரம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளினாலும் மதிப்பெண் போகும். அந்த இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கிவையுங்கள். மூன்று நான்கு தமிழ் எழுத்துருக்களை ஏற்றியிருந்தால் ஒன்றாகக் குறையுங்கள்.

மாதம் 6,000 ரூபாய் அளவில் வருகிறது. வேலையும் இருக்கிறது. இதற்கு வரி உண்டா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?
– வாசகர், செங்கல்பட்டு

தொடர்ந்து வருவதால் இது தொழில் வருமானம். சம்பளக்காரருக்கான வருமான வரிப் படிவம் ஐடிஆர்-1 இனி உங்களுக்குப் பொருந்தாது. ஐடிஆர்-3 அல்லது 4 பொருந்தும். எது என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டு முடிவு செய்யுங்கள். முகவரிக் கட்டணம், தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கட்டணம் (ஹோஸ்டிங்), இணையச் செலவில் வலைப்பூவுக்கான பங்கு ஆகியவற்றைக் கழிக்க ரசீது வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரி முறைக்குப் போய்விட்டு ஒருமுறைதான் புதிய முறைக்குத் திரும்ப முடியும். வருடாவருடம் மாற்றிக்கொள்ளும் வசதி உங்களுக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆட்சென்ஸ் பணப் பகுதியில் கேட்கும் அமெரிக்க வரித் தகவல் படிவத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நிரப்பாவிட்டால் கூடுதல் பிடித்தம் நேரலாம். ஒவ்வொரு முறை டாலர் வரும்போதும் வங்கியிடம் உள்வரவுச் சான்று கேட்டு வாங்குங்கள். அதில் எந்த நாள், என்ன மாற்று விகிதம், எவ்வளவு கட்டணம் பிடித்தார்கள் என்பது இருக்கும். அந்தக் கட்டணத்தையும் செலவில் எழுதலாம்.